பேய் என்று முடிவெடுக்கும் முன்

ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் சுகாதாரப் பக்கத்தில் வந்த மனநோய்க் கட்டுரை தேவையான ஒன்று. ஆனால் இல்லாததைக் காண்பது, கேட்பது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மனச்சிதைவு என்ற கடும் மனநோயின் அறிகுறி என்று சொல்லிவிட்டது. எங்கள் ஊர்களில் ஏற்கெனவே இரண்டே முடிவுதான்: ஒன்று பேய், இல்லாவிட்டால் பைத்தியம்.

வேலியில் காயும் சாரம் மம்மல் நேரத்தில் ஆள் நிற்பதுபோல் தெரிந்தால் அது திரிபுக்காட்சி. பயமும் அரை இருட்டும் இருக்கிற பொருளை மாற்றிக் காட்டுகின்றன. எவருக்கும் வரும். வெறும் வேலியில் ஆள் தெரிந்தால்தான் மாயப்புலனுணர்வு. இந்த வேறுபாட்டைப் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

மாயப்புலனுணர்விலும் எல்லாம் நோயல்ல. கண்ணயரும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது பலருக்கும் கேட்கும். சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தக் குரல் கேட்டால், அவளைப் பைத்தியம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

என் பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. முருங்கையடியில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், ஒரு சத்தமும் இல்லை என்பார். அது உண்மையில்லை என்று அவருக்கே தெரியும். வீட்டார் பயந்து பேயோட்டும் கட்டாடியாரைக் கூப்பிட்டார்கள். பார்வை மங்கும்போது மூளை தானாகப் படம் காட்டும். ஜெனீவா அறிஞர் சார்ள்ஸ் பொனே 1760இல் தன் பாட்டனாரிடம் கண்டு எழுதியது இதைத்தான். பெரியம்மா போகவேண்டியிருந்தது கண் கிளினிக்குக்கு.

இன்னொன்றில் தாமதம் உயிரையே எடுக்கும். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தி இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, பாயில் இல்லாத எறும்பைத் தட்டிவிடத் தொடங்கினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சலில் கிடக்கும் முதியவர் திடீரென ஆட்களைக் கண்டு பிதற்றினாலும் அப்படித்தான். அது உடம்பு நோயின் அடையாளம்.

சரி, மனநோய் எப்படியிருக்கும்? 'இப்ப எழும்புறான், இப்ப சாப்பிடுறான்' என்று தன்னைப் பற்றியே குரல்கள் பேசுவதை ஒருவர் நாள்கணக்கில், தெளிந்த விழிப்பில் கேட்டால் மனநல வைத்தியர் கட்டாயம் பார்க்கவேண்டும். மருந்து இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

நான் நம்பிக்கைக்கு எதிராக எழுதவில்லை. கண்ணகி அம்மன் சடங்கில் தெய்வம் ஆடுகிறவரை அதற்காக மட்டும் எந்த நல்ல வைத்தியரும் நோயாளி என்று எழுதமாட்டார். நூல் கட்டுங்கள், நேர்த்தி வையுங்கள். ஆனால் அதற்காக வைத்தியரிடம் போவதைப் பிந்த விடாதீர்கள்.

அடுத்த சுகாதாரப் பக்கத்தில், வைத்தியரிடம் வீட்டார் சொல்லவேண்டியவற்றைப் போடுங்கள்: எந்தப் புலனில், எந்த நேரத்தில், கண், காய்ச்சல், குடி, மருந்து. கூடவே தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி,
களுவாஞ்சிக்குடி