முல்லைத்தீவுக் கோட்டைப் படத்தைத் திருத்தித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களே,

1803 ஆகஸ்ட் 25 அன்று வன்னிநிலத்துத் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய நிகழ்வைக் கணினியில் முப்பரிமாணப் படமாக ஆக்கும் வேலை நிறைவுபெற்றுவிட்டது. முதல் வரைவைப் பெரிய தாளில் அச்செடுத்து, வாசிகசாலையிலும் பாடசாலை மண்டபத்திலும் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்திலும் தொங்கவிட்டு, அருகே ஒரு கொப்பியையும் பேனையையும் வைத்து, பொருந்தாதவற்றை எழுதும்படி கேட்டிருந்தேன். எழுதியவர்களுக்கும், எழுத விரும்பாமல் வீடு தேடி வந்து சொன்னவர்களுக்குமாக இம்மடலை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஆங்கிலேயருக்குக் கெட்ட ஆண்டு. கண்டிமீது படையெடுத்துச் சென்று அங்கே நிறுத்திய காவற்படையை ஜூன் 24 அன்று இழந்தார்கள். அதன் பின் இரண்டு மாதங்களில் வன்னியும் எழுந்தது. கப்டன் வொன் டிறிபேர்க்கின் கீழிருந்த முல்லைத்தீவுக் காவற்படை துரத்தப்பட்டது. எழுத்தில் உள்ளவை பெயர்களையும் திகதிகளையும் தருகின்றன. அன்று காற்று எந்தப் பக்கம் வீசியது, கடல் எப்படிக் கிடந்தது, புல் என்ன நிறத்தில் இருந்தது என்பவை அவற்றில் இல்லை. ஒரு படத்துக்கோ இவை இல்லாமல் ஓரங்குலமும் நகர முடியாது. இந்தக் குறையை நிரப்பியவர்கள் நீங்கள்தான்.

முதல் நன்றி கடற்றொழிலாளர் சங்கத்தாருக்கு. முதல் வரைவில் கொடியும் வெடிப்புகையும் கடலிலிருந்து தரைப்பக்கம் சாய்ந்திருந்தன. புகை கோட்டையைத் தாண்டி வந்து வன்னியப் படையின்மேல் கவிவது பார்ப்பதற்கு அச்சமூட்டுவதாக இருந்ததால் அப்படி அமைத்திருந்தேன். படத்தின் முன் நின்ற மூத்த சம்மாட்டியார் ஒருவர் வேறெதையும் பார்க்கவில்லை. "தம்பி, ஆவணி மாதத்தில எங்கட கரைக்குக் கொண்டல் எப்பிடி வந்தது?" என்று மட்டும் கேட்டார். கொண்டல் என்பது கடலிலிருந்து வரும் கீழைக்காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை இங்கே சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும் என்பதையும், விடியற்காலையில் தரைக்காற்றும் அதனோடு சேர்ந்துகொள்ளும் என்பதையும் அவரோடு இருந்தவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். காற்றைத் திருப்பியதும் காட்சியின் பொருளே மாறிவிட்டது: தரைப்பக்கமுள்ள நந்திக்கடல் களப்புப் பக்கமிருந்து தாக்க வருபவர்களின் முதுகில் காற்று, அவர்களுடைய துவக்குகளின் புகை முழுவதும் காவலில் நிற்பவர்களின் முகத்தில். பண்டாரவன்னியன் காற்றுப் பார்த்து நாள் குறித்தார் என்று இதிலிருந்து யாரும் கதை கட்டிவிட வேண்டாம். எந்த நாளில் வந்திருந்தாலும் அந்தப் பருவத்தில் காற்று அப்படித்தான் இருந்திருக்கும்.

கடலையும் அவர்களே அடக்கிவைத்தார்கள். நான் வைத்திருந்த ஆளுயர அலைகள் மார்கழிக்கு உரியவை. சோளகக் காலத்தில் கிழக்குக் கரை அமைதியாகக் கிடப்பதனால்தான் கரைவலைக்காரருக்கு அது தொழிற்காலம். இன்றைய கண்ணாடியிழைப் படகுகளின் சாயலில் இருந்தவற்றை எடுத்துவிட்டுக் கட்டுமரங்களையும் வள்ளங்களையும் மணலில் ஏற்றிவைத்தேன். கரையோரச் சவுக்குகள் பின்னாளில் நட்டவை என்று இளைஞர் ஒருவர் கொப்பியில் எழுதியிருந்தார். அவற்றின் இடத்தில் இப்போது தாழையும் இராவணன் மீசையும் அடம்பன்கொடியும் இருக்கின்றன.

அடுத்து, ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். தம்மை வேட்டைக்காரர் என்று எங்கும் எழுதிவிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், இடியன் துவக்கைப் பற்றிக் கேள்வி ஞானம் உடையவர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டு இடிக்கும் துவக்கு சுடும்போது புகை இரண்டு இடங்களில் எழும் என்பதையும், பக்கவாட்டுக் குழியிலுள்ள மருந்து முதலில் பற்றி அதன் பின்னரே குழல் முழங்கும் என்பதையும் அவர் கையாலேயே நடித்துக் காட்டினார். அதைவிடப் பெரிய உதவி வேறொன்று. பயிற்சி பெற்ற சிப்பாயும் அக்காலத் துவக்கால் நிமிடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் சுடுவது அரிது. ஆகவே சண்டையின் எந்தக் கணத்தை எடுத்தாலும் குறிபார்த்து நிற்பவர்களைவிட, துவக்கை நிமிர்த்திப் பிடித்து மருந்திடிப்பவர்களே அதிகமாக இருப்பார்கள். முதல் வரைவில் மதிலில் நின்ற அத்தனை பேரும் சினிமாவில் நிற்பதுபோலக் குறிபார்த்தார்கள். இப்போது பெரும்பாலானவர்களின் கை இடிகோலில் இருக்கிறது, கண் மட்டும் முன்னால் வருபவர்கள்மேல். நடுக்கம் என்பதை ஒருவரின் முகத்திலும் வரையாமலே அது படத்துக்குள் வந்துவிட்டது.

ஒளியைப் பற்றிச் சொன்னவர்கள் இருவர். விடியற்பொழுதைத் தேர்ந்தது என் விருப்பம்; அப்படித் தேர்ந்தால் ஞாயிறு கோட்டைக்குப் பின்னால், கடலிலிருந்து, நேர்கிழக்குக்குச் சற்று வடக்கே எழ வேண்டும். பிளெண்டர் மென்பொருளிடம் திகதியையும் இடத்தின் அகலக்கோட்டையும் கொடுத்தால் அது இவ்வளவையும் தானே கணித்துத் தந்துவிடும். ஆனால் புகைக்கு அந்த ஒளியில் என்ன நடக்கும் என்பதைப் புதுக்குடியிருப்பில் ஸ்ரூடியோ நடத்தும் நண்பர்தான் சொன்னார்: கருமருந்தின் புகை வெண்மையானது என்றாலும், வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது அதன் நடுப்பகுதி மங்கிக் கறுத்து, ஓரங்கள் மட்டுமே ஒளிரும். வேள்வியின்போது கோயில் வாசலில் நின்று பார்த்தால் தெரியும் என்றார்; போய்ப் பார்த்தேன், அவ்வாறே இருந்தது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் அந்த மாதத்து அமாவாசையைப் பின்னோக்கிக் கணித்து, அன்று வளர்பிறை அட்டமியை ஒட்டிய நாள் என்றும், நடுநிசியளவில் நிலா மறைந்திருக்கும் என்றும் எழுதித் தந்தார். மேற்கு வானில் நான் ஆசையோடு தொங்கவிட்டிருந்த முழுநிலா அன்றே இறக்கப்பட்டது.

கோட்டை யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டையைப்போலப் பிரமாண்டமாக இருக்கிறது என்று பலரும் முறையிட்டீர்கள். ஒல்லாந்தர் இங்கே கட்டியது சிறிய நாற்சதுரக் கோட்டைதான் என்பதால் அதைக் குறுக்கிவிட்டேன். ஆங்கிலேயரின் கொடியில் மூலைக்கு மூலை செல்லும் சிவப்புப் பட்டைகள் 1801 இல் சேர்ந்துவிட்டன என்று சுட்டிக்காட்டிய பத்தாம் வகுப்பு மாணவிக்குத் தனியாக ஒரு சபாஷ். அக்காலத்தில் ஆங்கிலேயர் இலங்கையில் மலாய்ப் படையினரையும் வைத்திருந்தார்கள், மதிலில் நிற்கும் முகமெல்லாம் வெள்ளை முகமாக இருக்கத் தேவையில்லை என்ற குறிப்பும் ஏற்கப்பட்டது.

முள்ளிவாய்க்காலைச் சேர்ந்த தாய் ஒருவர் படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, நந்திக்கடல் ஓரத்தில் நான் கிடத்தியிருந்த உடல்களை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். காரணம் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. 2009 ஐ அறிந்த எவரும் கேட்கமாட்டார்கள். அவை எடுக்கப்பட்டன. படம் அதனால் எதையும் இழக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஏற்றுக்கொள்ளாதவற்றையும் சொல்லிவிடுவது முறை. பண்டாரவன்னியனைக் குதிரையில் ஏற்றும்படியும், முடி சூட்டும்படியும், வவுனியா நகரிலுள்ள சிலையின் முகத்தை அப்படியே கொடுக்கும்படியும் பலர் அன்போடு வற்புறுத்தினீர்கள். சிலை வணக்கத்துக்கு உரியது. அந்த முகம் சிற்பியின் மனத்திலிருந்து வந்தது. நான் அவரைப் பாதி புகைக்குள், முதுகைக் காட்டியபடி, வாளோடு தரையில் நிறுத்தியிருக்கிறேன். அவர் எங்கே நிற்கிறார் என்று தேடிப்பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டார். தேடட்டும். எதிரிகளை அரக்கர்களாக வரையச் சொன்ன யோசனையையும் கைவிட்டேன். அரக்கர்களை வென்றதாகக் காட்டுவது வென்றவர்களுக்குப் பெருமையாகாது.

மின்தடை வரும்போதெல்லாம் ஜெனரேற்றர் தந்துதவிய அயலவருக்கும், அச்சுக்கூலியை வாங்க மறுத்த அச்சகத்தாருக்கும், கொப்பியைப் பத்திரமாகப் பாதுகாத்த நூலகருக்கும் என் நன்றி உரியது. நிறைவுபெற்ற படத்தை மாவட்டத்துப் பாடசாலைகள் இலவசமாக அச்செடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த படம் கற்சிலைமடு. 1803 ஒக்டோபர் 31 அன்று வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று அங்குள்ள நடுகல் சொல்கிறது. அவர் அன்றே வீழ்ந்தார் என்போரும், காயத்தோடு தப்பிப் பல ஆண்டுகள் கழித்தே இறந்தார் என்போரும் நம்மிடையே இருப்பதால், மோதலை மட்டுமே வரைய எண்ணியிருக்கிறேன். ஐப்பசி மழையில் அந்தக் காடு எப்படி இருக்கும், பாலையும் வீரையும் எவ்வளவு நெருங்கி நிற்கும், பழைய வண்டிப்பாதை எந்தப் பக்கமாகப் போனது என்பவற்றை அறிந்தவர்கள் அதே கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கலாம். வரைவு தொங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நன்றியுடன்,
படத்தை ஆக்கியவன்,
புதுக்குடியிருப்பு