தோல் மடலுக்காக ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அப்பாவின் காலில் வைத்த ஃபிளாப், அதாவது வேறு இடத்திலிருந்து ரத்தக்குழாயோடு எடுத்துத் தைத்த தோல் மடல், கருகிப்போன கதை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அந்த இரண்டாம் இரவை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மணிக்கு இளஞ்சிவப்பாக இருந்த தோல், இரண்டரைக்கு ஊதா நிறமாகி உப்பியிருந்தது. மாலையில் டாக்டர் செய்ததைப்போல விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுத்த இடம் கண் இமைப்பதற்குள் கருஞ்சிவப்பாக நிறைந்தது. வேகமாகத்தானே ரத்தம் ஓடுகிறது என்று ஆறுதல்பட்டேன், முட்டாள்! உள்ளே போன ரத்தம் வெளியேற வழியில்லாமல் சிரை அடைத்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளமாம். வார்டு முழுவதற்கும் இருந்த ஒரே செவிலியர் நிறத்தைப் பார்த்துப் பதறிப் போன் செய்தார். "காலை ரவுண்ட்ஸில் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. நான்கு மணிக்கு 'ஃபிளாப் நன்றாக உள்ளது' என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறதே, அதை யார் பார்த்து எழுதினார்கள்? நான் கண் மூடவே இல்லை.

காலை எட்டரைக்கு ஆபரேஷன் தியேட்டர். ஆறு மணி நேரம் போயிருந்தது. உறைந்த கட்டியை எடுத்த பிறகும் ரத்தம் ஏறவில்லை. நேரம் கடந்தால் உள்ளே நுண்குழாய்களே வீங்கி அடைத்துக்கொள்ளும் என்று சர்ஜனே சொன்னார். அதை இரண்டரை மணிக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

கேட்பது ஒன்றுதான். முதல் மூன்று இரவும் மணிக்கொரு முறை நிறம், சூடு, அழுத்தினால் ரத்தம் திரும்பும் வேகம், டாப்ளர் கருவியில் கேட்கும் ரத்த ஓட்டத்தின் ஒலி ஆகியவற்றைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். மாறுதல் கண்டால் சர்ஜனை நேரடியாக எழுப்பும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயைத் தைக்க ஆள் வைத்திருக்கிறீர்கள். விடிய விடிய அதைப் பார்க்கத்தான் ஆளில்லை. 2004-இலேயே அமெரிக்காவில் அட்டைப்பூச்சியை மருத்துவக் கருவியாக அனுமதித்துவிட்டார்கள், தேங்கிய ரத்தத்தை உறிஞ்ச. அதற்கு ஷிஃப்ட்டும் கிடையாது, ரவுண்ட்ஸும் கிடையாது. புகைபிடிக்க மாட்டேன் என்று அப்பாவிடம் எழுதி வாங்கினீர்கள். நியாயம்தான், நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். அவர் நிறுத்தினார். உங்கள் பங்குக்கு யாரிடம் எழுதி வாங்குவது?

கோபம் மீறியிருந்தால் மன்னிக்கவும். மாதக் கடைசியில் அவருக்கு மறுபடி அறுவை. இம்முறை தொடையிலிருந்து எடுக்கிறார்கள். அந்த மூன்று இரவுகளில் மணிக்கொரு முறை யார் பார்ப்பார் என்பதை அதற்குள் எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படுக்கையருகே விழித்திருந்த மகன்