வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: சண்டிகரை அருங்காட்சியகத்தில் பார்த்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சண்டிகர் தமிழ் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன; ஜனவரிப் பனிமூட்டத்தில் மட்டும் வருகை குறைந்தது. பொங்கல் விழாவும் குழந்தைகளின் தமிழ் வகுப்பும் தடையின்றி நடந்தேறின. நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தராதவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. இங்கே வாசிக்கப் போவதில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே எனக்குள்ள நேரத்தை, இந்த ஊரின் எண்ணிட்ட பகுதிகளில் ஒன்றான செக்டார் 10-க்குப் போன பயணத்துக்கே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குச் சுக்னா ஏரியையும் ராக் கார்டனையும் காட்டிவிட்டால் பிறகு காட்ட ஒன்றுமில்லை என்பது நம்மில் பலருடைய குறை. ஆயிரம் ஆண்டுக் கோயில்களின் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு 1950-களில் எழும்பிய ஊர் வரலாறாகவே படுவதில்லை. நம் மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு இந்த ஊரைவிட வயது அதிகம். அந்தக் குறையைச் சோதித்துப் பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்டார் 10-இல் உள்ள கட்டடக்கலை அருங்காட்சியகத்துக்குப் போனோம்.

உள்ளே பெரும்பாலும் காகிதம்தான்: வரைபடங்கள், கடிதங்கள், புகைப்படங்கள், நடுவே மாதிரிகள். குழந்தைகள் சலித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். பெரியவர்கள்தான் முதலில் நாற்காலி தேடினார்கள். ஆனால் அந்தக் காகிதங்களை வரிசையாகப் படித்தால் நல்ல கதை ஒன்று கிடைக்கிறது. 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. அரசாங்கம் சிம்லாவில் ஒண்டிக்கொண்டு வேலை பார்த்தது. புதுத் தலைநகரான சண்டிகரின் திட்டத்தை முதலில் வரைந்தவர், இந்த ஊரோடு சேர்த்தே பேசப்படும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அல்லர், அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவருடைய திட்டத்தில் சாலைகள் வளைந்து செல்கின்றன, நகரமே விசிறிபோல் விரிகிறது. அவருடன் பணிசெய்த மாத்யூ நோவிட்ஸ்கி 1950-இல் விமான விபத்தில் இறந்தார். அதன் பிறகு தாப்பர், வர்மா என்ற இரு அதிகாரிகள் ஐரோப்பாவுக்குப் போய்ப் புதிய ஆட்களைத் தேடினார்கள். லெ கொர்பூசியே, அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே, மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகிய கட்டடக் கலைஞர்கள் வந்தது அப்படித்தான். 1951-இல் மேயரின் வளைவுகள் நேராயின; 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என்ற அளவில் செக்டார் பிறந்தது. ஒரு விபத்து நடக்காதிருந்தால் நாம் தினமும் ஓட்டிப் போகும் சாலைகள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

லெ கொர்பூசியே ஆண்டுக்குச் சில வாரங்களே இங்கே வந்து போனார். தங்கி உழைத்தவர் ஜான்னரே. 1965 வரை இங்கேயே இருந்தார், அவருடைய அஸ்தியும் சுக்னா ஏரியில்தான் கரைக்கப்பட்டது. பெயரெல்லாம் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்குச் சற்று வருத்தம்தான். யூலி சௌத்ரி, எம்.என். சர்மா, ஆதித்ய பிரகாஷ் போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களின் பங்கும் பொதுப் பேச்சில் அடிபடுவதில்லை.

அரசு அலுவலகங்களுக்காக ஜான்னரே வடிவமைத்த பிரம்பு நாற்காலிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அரசு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சிரித்துவிட்டார். "இதில் உட்கார்ந்துதான் சார் ஃபைல் பார்த்தோம். பிரம்பு அறுந்ததும் மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டோம்" என்றார். அப்படிக் கழித்துக்கட்டியவைதான் வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போயின. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட வேண்டியதாயிற்று. அந்த மூத்தவர் முகத்தில் அப்போது தெரிந்தது பெருமையா கடுப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

பக்கத்திலேயே 1968-இல் திறக்கப்பட்ட அரசு அருங்காட்சியகம். அங்கே, லாகூரிலிருந்து வந்த காந்தாரப் புத்தர் சிலைகளின் முன் எல்லோரும் நின்றுவிட்டோம். லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைப் பாகிஸ்தானுக்கு 60 சதவீதம், இந்தியாவுக்கு 40 சதவீதம் என்று 1948-இல் பங்கு பிரித்தார்கள். கூட்டுக்குடும்பம் பிரியும்போது பாத்திரம் பிரிப்பதுபோல் சிலைகளையும் பிரித்திருக்கிறார்கள். இந்த ஊரே அந்தப் பிரிவினையில் பிறந்ததுதானே. அதனால் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான அந்தக் கற்கள் இங்கே அந்நியமாகத் தெரியவில்லை.

ஒரு குறையையும் பதிவு செய்கிறேன். திட்டம் போட்டவர்களைப் பற்றி அறிந்துகொண்ட அளவுக்கு, நிலம் கொடுத்த கிராமங்களைப் பற்றியும் தலையில் சட்டி சுமந்த கூலிப் பெண்களைப் பற்றியும் அறிந்துகொண்டோம் என்று சொல்ல முடியாது. காலி இடத்தில் கட்டிய ஊர் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அது உண்மையல்ல, இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருந்த இடம் இது. ஊரின் பெயரே அருகிலுள்ள சண்டி கோயிலிலிருந்து வந்தது. செக்டார் 45-இல் புரைல் கிராமத்தின் குறுகிய சந்துகள் இன்னும் இருக்கின்றன. சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், இடிக்கப்பட்ட கிராமங்களின் உடைசல்களைப் பொறுக்கி யாருக்கும் தெரியாமல் செய்துவந்த சிற்பங்கள்தான் 1976-இல் ராக் கார்டனாகத் திறக்கப்பட்டன. விருந்தினரை அங்கே அழைத்துப் போகும்போது இனி இதையும் சொல்லலாம்.

இதையொட்டிச் செயற்குழு இரண்டு பரிந்துரைகளை முன்வைக்கிறது. முதலாவது, 1950-களிலும் 60-களிலும் இங்கே வேலைக்கு வந்த நம் மூத்தவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் பெயர்த்து வைப்பது. முதல் வீடு, முதல் குளிர்காலம், அரிசிக்கு அலைந்தது என்று எதுவானாலும் சரி. வீட்டில் பழைய ஒதுக்கீட்டு ஆணை, புகைப்படம் ஏதேனும் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாமல் எங்களிடம் காட்டுங்கள். இரண்டாவது, வரும் ஆண்டில் செக்டார் 19-இல் உள்ள லெ கொர்பூசியே மையத்துக்கும் செக்டார் 5-இல் ஜான்னரே வாழ்ந்த வீட்டுக்கும் போய்வருவது. பழைய கட்டடக் கலைஞர் அலுவலகமே இன்று அந்த மையமாக இருக்கிறது. புரைலுக்கும் போக வேண்டும் என்பது என் சொந்தக் கோரிக்கை. செயற்குழுவில் அதற்கு இன்னும் முழு ஆதரவு கிடைக்கவில்லை.

பயணத்துக்கு வண்டி கொடுத்து உதவியவர்களுக்கும், குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து விலக்கிப் பிடித்த தாய்மார்களுக்கும் நன்றி. அறிக்கையையும் பரிந்துரைகளையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்