தேதி குறிக்காத நல்ல நாள்

கும்பகோணம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்து மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதால் ஊருக்கே ஒரு களை வந்திருக்கிறது.

மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனுடைய அடுக்ககத்துக்குப் போகுமுன் பீரோவையும் பரணையும் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். நல்ல பட்டுகளையெல்லாம் மருமகளுக்கென்று மூட்டை கட்டி வைக்கலாமா, பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடலாமா என்பது உன் கேள்வி. மூட்டையும் வேண்டாம், எடைக்கடையும் வேண்டாம். எடுத்துப் புழங்கு என்பதுதான் என் பதில். மருமகளுக்குக் கொடுப்பதானால் இப்போதே அவள் கையில் கொடுத்து, வரும் வெள்ளிக்கிழமையே கட்டச் சொல்.

பீரோவில் இருக்கும் பட்டு பத்திரமாக இருக்கிறது என்று நாம் நம்புவது பாதிதான் சரி. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் புடவை அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்று, ஆசையோடு விரிக்கும் அன்றைக்குப் பார்த்து நீளமாகக் கிழிந்து வரும். காஞ்சிபுரத்துச் சரிகை என்பது, சிவப்புப் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளி இழையைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. ஈரமும் காற்றிலுள்ள கந்தகமும் தாக்கத் தாக்க அந்த வெள்ளி மெல்லக் கறுக்கிறது. கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் உறையை நாம் பாதுகாப்பென்று நினைக்கிறோம். அது ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்து வைக்கிறது. மாறாக, அவ்வப்போது கட்டி, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கும் புடவைக்கு இந்தக் கேடுகள் வெகுவாகத் தள்ளிப்போகின்றன. வியர்வையும் பட்டுக்குப் பகைதான் என்பதை மறுக்கவில்லை. சித்திரை வெயிலில் கட்டிக்கொண்டு காய்கறிச் சந்தைக்குப் போகச் சொல்லவுமில்லை. மார்கழிக் காலையில் கோவிலுக்கும், மழைக்காலத்து மாலையில் ஒரு கச்சேரிக்கும், காரணமே இல்லாமல் அக்கா வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போகலாம் அல்லவா?

உடலும் கரையும் வேறு வேறு நிறமாக அமையும் கோர்வைப் புடவையை நெய்வதற்கு, ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் நாடா மூன்று வேண்டும். கரைக்கான நாடாவைத் தள்ள நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவரும் தறியில் உட்கார்ந்திருப்பார். அப்படி இருவர் சேர்ந்து நெய்த புடவை, வெளிச்சமே பாராமல் கிடந்து இற்றுப்போன பிறகு, பழைய பட்டுப்புடவை வாங்குகிறவரிடம் போய்ச் சேருகிறது. அவருக்கு வேண்டியது சரிகையை எரித்தால் மிஞ்சும் வெள்ளியும் தங்கமும் மட்டும்தான். கோர்வைக்கென்று அங்கே ஒரு காசு கிடையாது. இதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

நம் அம்மாக்கள் எடுத்து வைத்ததில் நியாயம் இருந்தது. பித்தளை அண்டாவை அடகுக்கடையில் வைத்தால் பணம் கிடைத்த காலம் அது. பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுவதற்காக ஜூன் மாதத்தில் கடைக்குப் போன அண்டா, அறுவடை முடிந்து தை மாதத்தில் வீடு திரும்பிய குடும்பங்களை நீயும் அறிவாய். ஆபத்துக்கு உதவும் பொருளை அன்றாடம் புழங்கித் தேய்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நமக்கோ மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. நாம் யாரும் அண்டாவை அடகு வைக்கப் போவதில்லை. ஆனாலும் நல்ல தட்டு விருந்தாளிக்கு, விளிம்பு உடைந்த தட்டு நமக்கு என்ற ஏற்பாடு மட்டும் மாறவே இல்லை.

உன் சீர்வரிசையில் வந்த ஈயச்சொம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உருகிவிடும் என்ற பயத்தில்தான் அதை நீ தொடவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரி செல்சியஸில். ரசம் கொதிப்பதோ ஏறக்குறைய 100 டிகிரியில். ஆகவே உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்புக்கு ஆபத்தில்லை. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றுவதும், நீர்மட்டத்துக்கு மேலே தீ நக்கும்படி விடுவதும்தான் அதை உருக்கிவிடும். புளித் தண்ணீரை ஊற்றிய பிறகு அடுப்பைப் பற்றவை. தீ அடிப்பக்கத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள். தாளிப்பதைக் கரண்டியில் தனியாகத் தாளித்துக் கொட்டு. நுரை கட்டியதும் இறக்கிவிடு. ஒன்று மட்டும் கவனம்: அது சுத்தமான வெள்ளீயந்தானா என்று விவரம் தெரிந்த பாத்திரக்காரரிடம் காட்டிக் கேட்டுக்கொள், ஏனெனில் காரீயம் கலந்தது சமையலுக்கு ஆகாது. சரியான சொம்பாக இருந்தால் இத்தனை ஆண்டுகளாக நீ சாப்பிடாமல் விட்ட ரசத்துக்கெல்லாம் சேர்த்து வை.

என் தம்பியின் கதையைக் கேட்டால் சிரிப்பாய். மகள் கல்யாணத்துக்கென்று வாங்கி, ஒரு நாளும் போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்த காலணி, வரவேற்பு அன்று மண்டபத்துக்குள் அவன் நடக்க நடக்க அடிப்பாகம் தூளாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகத்தைக் காற்றின் ஈரமே சிதைத்துவிடுமாம். காலில் போடாமல் வைத்திருந்தாலும் அந்தச் சிதைவு நடந்துகொண்டேதான் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் வெறுங்காலோடு நின்றான்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடு என்பதல்ல என் கட்சி. கொலுப் பொம்மைகளை ஆண்டு முழுவதும் கூடத்தில் பரப்பி வைத்தால் பதினைந்தாம் நாளே அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒன்பது நாளுக்கென்று பெட்டியிலிருந்து வைக்கோலும் பழைய செய்தித்தாளுமாக வெளியே வருவதிலேதான் அவற்றின் அழகு இருக்கிறது. பொங்கப்பானையும் அப்படியே. அவற்றுக்கெல்லாம் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் இருக்கிறது, அந்த நாள் தவறாமல் வருகிறது. அதனால் காத்திருப்பதும் இன்பமாகிறது. நாமோ, "நல்ல நாள் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம்" என்று சொல்லி எடுத்து வைப்பவற்றுக்கு அந்த நாள் எதுவென்று குறிப்பதே இல்லை. ஆகவே பரணிலிருந்து ஒவ்வொன்றையும் இறக்கும்போது, இதற்குரிய நாள் எது என்று கேட்டுப் பார். பதில் இருந்தால் மீண்டும் கட்டி வை. இல்லையென்றால் அது சமையலறைக்கோ கூடத்துக்கோ உன் தோளுக்கோ வந்துவிட வேண்டும்.

அடுக்ககத்தில் அலமாரி சிறியது என்று குறைப்பட்டிருந்தாய். எனக்கென்னவோ அது உனக்குச் செய்யப்போகும் உபகாரம் என்றே படுகிறது. தினம் புழங்குவதற்கு ஒரு வரிசை, விருந்துக்கு ஒரு வரிசை என்று இரண்டு வைத்துக்கொள்ள இடமில்லாத வீட்டில் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். எவர்சில்வர் தட்டுகளில் பாதியை வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம், விருந்தாளிக்கென்று ஒதுக்கியவற்றில் நல்லதாகப் பார்த்தே கொடு.

புரட்டாசியில் கொலுவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். சோழன் ரயிலில் வந்தால் பகலிலேயே வந்து சேர்ந்துவிடலாம். அந்தக் கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையைப் பெட்டியில் மடித்துக் கொண்டுவராதே, கட்டிக்கொண்டு வா. கசங்கினால் இங்கே தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் இருக்கிறார். பயணச்சீட்டு எடுத்ததும் தேதியை எழுது. படுக்கையை மாடியில் போடச் சொல்லட்டுமா, கீழ் அறையிலா என்பதையும் மறக்காமல் குறிப்பிடு.

என்றும் அன்புடன்,
உன் தோழி