திருகோணமலைக்கு வர இருப்பவர்களுக்கு: கடலை முதல் நாளில் வையுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

உப்புவெளிக் கரையில் இருக்கும் எங்கள் சிறு விடுதிக்கு அறை கேட்டு எழுதுபவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இரண்டு நாள் போதுமா?" கோயிலுக்கும் கோட்டைக்கும் தாராளமாகப் போதும். கடலுக்குத்தான் போதாது. நீங்கள் குறித்து வைத்த நாளில் கடல் இடம் தரும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே புறாமலைத் தீவோ திமிங்கிலமோ பார்க்க ஆசை இருந்தால், வந்த மறுநாள் காலையையே அதற்கு ஒதுக்குங்கள். கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர் ஊற்றும் பின்னுக்குத் தள்ளினாலும் ஓடிப்போகாது. அன்று காற்று எழும்பி போட் இறக்க முடியாமற்போனால் அடுத்த காலை உங்களுக்கு மிச்சம் இருக்கும். கடைசி நாளுக்கென்று கடலை விட்டு வைப்பவர்கள்தான் கரையில் நின்று தீவைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறார்கள். மூன்று இரவு என்பது எங்கள் கணக்கு. அறை வாடகைக்கு விடுபவர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். மூன்றாவது இரவை வேறு விடுதியிலே தங்கினாலும் கணக்கு அதேதான்.

நாளைப் பற்றி யோசிக்க முன் மாதத்தை முடிவு செய்யுங்கள். ஒக்டோபர் கடைசியில் வாடைக்காற்று தொடங்கினால் மாசி வரைக்கும் எங்கள் பக்கக் கடல் கொந்தளிப்புத்தான். கார்த்திகை, மார்கழியில் மழை விடாது. தென்மேற்குக் கரையில் சுற்றுலாக் காலம் களைகட்டும் டிசம்பரில் இங்கே போட்டுகள் கரையேறிக் கிடக்கும். படங்களில் நீங்கள் பார்க்கும் தெளிந்த நீலம் பங்குனிக் கடைசியிலிருந்து புரட்டாதி வரையிலான கடலுக்கு உரியது. அதற்குள்ளும் எங்களைக் கேட்டால், புத்தாண்டு நெரிசல் அடங்கிய மே மாதம், அல்லது பாடசாலை விடுமுறைக் கூட்டம் குறைந்த செப்டெம்பர் முற்பாதி. ஓகஸ்டிலும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறையை ஒட்டிய நீண்ட வார இறுதிகளிலும் அறை விலை ஏறும். தண்ணீருக்கடியில் மீனை விட மனிதக் கால்களே அதிகம் தெரியும். போயா நாளில் மது விற்பனை இல்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடல் வேண்டாம், தரிசனம்தான் நோக்கம் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் வீதியெங்கும் கும்பமும் தோரணமுமாக இருக்கும். அதற்கு வருபவர்கள் நகரத்துக்குள்ளேயே தங்குவது நல்லது. உப்புவெளியிலிருந்து இரவில் போய்வருவது வீண் அலைச்சல்.

ஜூன், ஜூலையில் வருபவர்கள் கச்சான் காற்றைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி எங்களிடம் வந்து சேருகிறது. தோல் காயும், மணல் கண்ணில் அடிக்கும்; அதெல்லாம் பெரிய காரியமில்லை. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலையே இராது, கண்ணாடி விரித்தது மாதிரித் தெரியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. காற்றடைத்த ரியூப்பிலோ மிதவை மெத்தையிலோ பிள்ளையை இருத்திவிட்டு, பெரியவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். ரியூப் மெதுவாக நகரும். ஆள் ஆழம் தாண்டியதும் காற்று முழுதாகப் பிடித்துக்கொள்ளும்; பின்னால் நீந்திப் போகிறவர் களைத்துப்போவாரே தவிர எட்டிப் பிடிக்க மாட்டார். கச்சான் நாட்களில் ரியூப், மெத்தை எதையும் கடலில் இறக்க வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை. வெறும் ரியூப் போய்விட்டால் போகட்டும், பின்னால் போகாதீர்கள். பிள்ளை அதில் இருந்தால் உடனே சத்தம் போட்டுக் கரையில் நிற்கும் மீனவரை அழையுங்கள். எஞ்சின் போட்டுக்கு அது சில நிமிட வேலை.

வாடை முடிந்த கையோடு, அதாவது மார்ச்சில், வருபவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை. கரை செங்குத்தாக வெட்டுண்டு இருக்கும், இரண்டெட்டில் ஆள் ஆழம் வந்துவிடும். அலை உடையாமல் ஒரு பட்டை மட்டும் கலங்கி வெளியே ஓடுவதைக் கண்டால் அது இழுவை நீர். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி முட்டி நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

இனிப் புறாமலை. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் பெரியதும் சிறியதுமான இரண்டு தீவுகள் அவை. மாடப்புறாக்கள் கூடு வைப்பதால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆகவே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்க முடியாது. செலவைப் பற்றித்தான் அதிகம் குழப்பம். சீட்டு வேறு, போட் வாடகை வேறு. சீட்டில் ஆளுக்கான கட்டணத்தோடு குழுவுக்கொரு சேவைக் கட்டணமும் வரியும் சேரும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் உறவுகள் தமிழில் கதைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கையில் இலங்கை அடையாள அட்டை இல்லையென்றால் வெளிநாட்டு விலைதான் கேட்பார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அதற்கான சான்றை மறக்காமல் எடுத்து வாருங்கள். போட் வாடகை முழுப் போட்டுக்கும் என்பதால், இருவராக வருபவர்கள் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போனால் பாதி மிச்சம்.

காலை ஏழு மணிக்கெல்லாம் நிலாவெளிக் கரையில் நில்லுங்கள். உப்புவெளியிலிருந்து ஓட்டோவில் கால் மணி நேரம். அந்த வேளையில் காற்று அடங்கியிருக்கும், தண்ணீர் கலங்கியிராது. கருமுனைச் சுறாக்கள் இடுப்பளவு ஆழத்துக்குள் சுற்றித் திரிவதும் அப்போதுதான். அவை மனிதரைக் கண்டால் விலகிப்போகும் சாதி. துரத்தினால் ஒன்றும் மிஞ்சாது, அசையாமல் மிதந்தால் திரும்பி வரும். பத்து மணிக்குப் பிறகு கூட்டம் சேர்ந்து மணல் கிளம்பிவிடும்.

அங்கே பொழுது கெடுவது பெரும்பாலும் முகக் கண்ணாடியால். வாடகைக்கு எடுக்கும்போது வாரைத் தலைக்குப் பின்னால் விட்டுவிட்டு, கண்ணாடியை மட்டும் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுங்கள். கையை எடுத்தபின்னும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குரியது. விழுந்தால் வேறொன்று கேளுங்கள். வாரை இறுக்கிச் சரிப்படுத்தலாம் என்று நினைத்தால் விளிம்பு வளைந்து இன்னும் கூடக் கசியும். நெற்றி மயிர் ஓர் இழை உள்ளே அகப்பட்டாலும் தண்ணீர் வரும். மீசைக்காரருக்கு எப்படியும் கொஞ்சம் கசியும்: தலையை அண்ணாந்து, கண்ணாடியின் மேல் விளிம்பை விரலால் அழுத்தி, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். ஆவி படியாமலிருக்க உள்ளே எச்சில் தடவி ஒருமுறை கடல் நீரில் அலசுங்கள். கேட்க அருவருப்பாக இருந்தாலும் வேலை செய்யும்.

இறங்குமிடத்தில் மணலை விடச் செத்த முருகைக்கல் (பவளப்பாறை) துண்டுகளே அதிகம். றப்பர் செருப்பில்லாமல் போனால் கால் கிழியும். முருகைக்கல் வெட்டிய காயம் சீழ்பிடிக்கும் குணமுடையது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, உள்ளே இருக்கும் துகளை எடுத்துவிட்டுத்தான் மருந்து போட வேண்டும். உயிரோடிருக்கும் முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்காதீர்கள். களைத்தால் மிதவைச் சட்டையை நம்பி மல்லாந்து கிடவுங்கள். சூடேறிய கடலில் வெளுத்துப்போன பகுதிகள் ஏற்கெனவே உண்டு, மிதி வேறு தாங்காது. வெயில் கிரீமுக்குப் பதில் நீண்ட கைச் சட்டை போடுவது கல்லுக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது. குப்புற மிதப்பவருக்கு வெந்துபோவது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான். தீவில் கடை இல்லை, நிழலும் குறைவு. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீரும் வாழைப்பழமும் போதும். ஒரு கல்லைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது, பிடித்தால் வழக்கு.

திமிங்கிலம் பார்க்கும் பயணம் முற்றிலும் வேறு. இங்கே கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே ஆழமாக வெட்டிக்கொண்டு போவதால்தான் நீலத் திமிங்கிலம் இவ்வளவு கிட்டே வருகிறது. மே முதல் ஓகஸ்ட் வரை வாய்ப்பு அதிகம். பார்த்தே தீருவோம் என்று பேரம் பேசும் போட்காரரை நம்ப வேண்டாம். விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் திரும்ப மூன்று நான்கு மணி நேரமாகும். தலைசுற்றல் உள்ளவர்கள் அதற்குரிய மாத்திரையைப் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் போட்டால் வயிற்றில் தங்காது. வெறும் வயிறும் ஆகாது, நெய்ச்சோறும் ஆகாது: இரண்டு இடியப்பமும் இஞ்சித் தேநீரும் சரி. போட்டின் பின்பக்கமாக இருந்து தொடுவானத்தைப் பாருங்கள், கைபேசித் திரையை அல்ல. திமிங்கிலத்துக்கு நூறு மீற்றருக்குள் போகக்கூடாதென்பது விதி. "இன்னும் கிட்டே போ" என்று நீங்கள் கேட்காவிட்டால் பெரும்பாலான ஓட்டிகள் போகவும் மாட்டார்கள்.

காலையில் எங்கள் கரையிலேயே நடந்தால் கரைவலை இழுப்பதைக் காணலாம். அரைவட்டமாக வளைத்த வலையின் இரண்டு கயிறுகளையும் இரு பக்கமும் ஆட்கள் ஒரே தாளத்தில் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள், கடைசியில் மடி கரையேறும்போது சூடையும் பாரையும் துள்ளும். படம் பிடிக்கலாம், கேட்டுவிட்டுப் பிடியுங்கள். வளைப்புக்குள் நீந்த வேண்டாம், இழுபடும் கயிற்றைத் தாண்டவும் வேண்டாம். அங்கேயே மீன் வாங்கிக் கொடுத்தால் மத்தியானம் சமைத்துத் தருவோம். நண்டு வேண்டுமென்றால் முதல் நாள் மாலையே சொல்ல வேண்டும்.

கோணேசர் கோயிலுக்கு மாலை நான்கு மணிக்குப் பிறகு போங்கள். நண்பகலில் நடை சாத்தியிருக்கும். அப்படியே திறந்திருந்தாலும் செருப்பில்லாமல் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. கோட்டை வாசலிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் ஏற்றம், முதியவர்களுக்கு ஓட்டோ வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தர் பாடிய அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அதன் கற்களையும் கொண்டே கோட்டை கட்டினார்கள். அவசரப்படாமல் வாசற் கல்லைப் பாருங்கள்: பொறித்த மீன்களும், கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் பெயர் வரும் பாடலின் துண்டும் இன்னமும் இருக்கின்றன. அநேகர் அங்கே திரியும் மானைப் படம்பிடித்துக்கொண்டே அதைத் தாண்டிவிடுகிறார்கள். மான்களுக்கு எதையும் கொடுக்காதீர்கள். தின்பண்டத்தோடு பொலித்தீனையும் விழுங்கித்தான் அவை சாகின்றன.

கன்னியா வெந்நீர் ஊற்று நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில், அநுராதபுர வீதியை ஒட்டி இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வருபவர்களுக்கு அது வழியிலேயே வரும். வந்த அன்றே பார்த்துவிட்டால் இன்னொரு ஓட்டோச் செலவு மிச்சம். ஏழும் சிறு கிணறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. இறங்கிக் குளிக்கும் தடாகம் என்று எண்ணி வராதீர்கள், வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதுதான். மாற்றுத்துணி அவசியம். அதே வீதிப் பக்கம் பெரியகுளத்தருகே வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழ்க் கல்வெட்டுகளோடு நிற்கும் பௌத்தப் பள்ளி அது, நாதனார் கோயில் என்றும் சொல்வார்கள். வரலாற்றில் ஆர்வமில்லாதவர்களை அங்கே இழுத்துப்போக வேண்டாம். ஆர்வமுள்ளவர்கள் விட்டுவிட வேண்டாம்.

கொழும்பிலிருந்து இரவு ரயில்தான் எங்கள் சிபாரிசு. நேர அட்டவணை மாறக்கூடியது, நிலையத்தில் கேட்டு உறுதிசெய்து, முன்பதிவு திறந்தவுடன் இருக்கையை எடுங்கள். விடியற்காலை வந்து சேருபவர்களுக்கு அறை மதியம் பன்னிரண்டுக்குத்தான் கிடைக்கும். பொதிகளை வைத்துவிட்டு, வெளிக் குளியலறையில் குளித்து, காலைச் சாப்பாடு சாப்பிடலாம். சொந்த வாகனத்தில் குருநாகல், தம்புள்ளை வழியே வருபவர்கள் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதியைப் பொழுது சாயுமுன் தாண்டிவிடுங்கள். மாலையில் யானை வீதிக்கு வரும். கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், கோன் அடிக்க வேண்டாம், பழம் எறியவும் வேண்டாம்; வாகனத்தை மறித்துத் தீனி கேட்கும் யானைகள் அப்படிப் பழக்கப்பட்டவைதான். மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர் வழியே வரலாம். முன்னர் பாதை எனும் மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடந்த துறைகளிலெல்லாம் இப்போது பாலம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது.

நகரில் வங்கி இயந்திரங்கள் பல உண்டு, நிலாவெளிப் பக்கம் போகுமுன் காசு எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டோவில் ஏறுமுன் விலையையும், காத்திருப்பு சேர்ந்ததா என்பதையும் பேசி முடியுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், அறையில் போத்தல் வைப்போம். மழை விட்ட மாதங்களில் நுளம்பு கூட. வலை எல்லா அறையிலும் இருக்கிறது.

அறை கேட்டு எழுதும்போது வரும் திகதி, எத்தனை இரவு, ரயிலா பஸ்ஸா வாகனமா, பிள்ளைகளின் வயது, யார் யாருக்கு நீந்தத் தெரியும், மச்சமா சைவமா என்பவற்றை ஒரே செய்தியில் எழுதிவிடுங்கள். போட்டுக்கு முதல் நாள் இரவே சொல்லிவைப்போம். காற்றைப் பார்த்து, போவதா இல்லையா என்பதைக் காலை ஐந்தரைக்கு உங்கள் கதவில் தட்டிச் சொல்வோம்.

இப்படிக்கு,
விடுதி நிர்வாகத்தினர்,
உப்புவெளி, திருகோணமலை