கல்லுல பேரு வேணும், மருமவனே

அன்புள்ள மருமவனுக்கு,

ஊர் குரூப்புல நீ போட்ட டிசைனை பாத்தேன். தலைகீழா நட்டுவச்ச துப்பாக்கி, மேல ஹெல்மெட், பின்னால மூவர்ணம், கீழ "தாய்மண் காத்த மாவீரர்களுக்கு வீரவணக்கம்"னு பெரிய எழுத்து, அதுக்கும் கீழ நன்கொடை குடுத்தவங்க பேரு வரிசையா. நீயும் உன் சேக்காளிகளும் கைக்காசை போட்டு லீவு நாள்லயெல்லாம் அலைஞ்சு இதை செய்யுதீங்கன்னு அண்ணன் சொன்னான், கேக்கவே நெஞ்சு நெறஞ்சு போச்சு. ஆனா அதுல ஒண்ணு இல்லையேய்யா. செத்தவங்க பேரு இல்ல. காசு குடுத்தவங்க பேரெல்லாம் இருக்கு, உசுரை குடுத்தவன் பேரு ஒண்ணு கூட இல்ல.

போன்ல சொன்னா பாதியில யாராவது கூப்பிடுவாங்க, நீ "சரி அத்தை, பாக்கலாம்"னு வச்சிருவ. அதான் எழுதுதேன். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுறதுக்கு காரணம், இது நம்ம ஊரோட முடியல. நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர், திசையன்விளைன்னு மிலிட்டரிக்கு ஆள் போன எல்லா ஊருலயும் இந்தக் குறை கெடக்கு.

பழைய சாவடி சுவத்துல ஒரு வெள்ளக் கல்லு பதிச்சிருக்குல்லா, சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு எழுத்தே மூடிப்போயி கெடக்கே, அதை என்னைக்காவது நின்னு படிச்சிருக்கியா? இந்த ஊர்லருந்து 1914-1919 பெரிய யுத்தத்துக்கு இத்தனை பேர் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிரை விட்டாங்கன்னு இங்கிலீஷ்ல இருக்கும். அவ்வளவுதான் சங்கதி. இதே வாசகம், நம்பரை மட்டும் மாத்தி, இந்தியாவுல எத்தனையோ ஊருல இருக்கு. யாரு போனான், யாரு மகன், எந்த தேசத்துல செத்தான், ஒண்ணும் கெடையாது. ஆடு மாடு கணக்கெழுதின மாதிரி ஒரு நம்பர். அந்த நம்பருக்குள்ள இருக்கிற பிள்ளைகளை பெத்தவங்க அதே சாவடி வழியாத்தான் தெனமும் தண்ணிக்கு போயிருப்பாங்க, அவங்களுக்கு அந்த எழுத்து என்னன்னு கூட தெரிஞ்சிருக்காது.

நம்ம ஊரு கல்லுல மட்டும்னு நெனைக்காத. ஈராக்ல பஸ்ராவுல ஒரு பெரிய நினைவுச்சின்னம் இருக்கு, முதல் உலகப்போர்ல அந்த மெசபடோமியா பக்கம் செத்து, கல்லறை எங்கன்னே தெரியாம போனவங்களுக்காக கட்டுனது, நாப்பதாயிரத்துக்கும் மேல கணக்கு. அதுல வெள்ளக்கார சிப்பாய் பேரு வெட்டிருக்கு. இந்திய ஆபீசர் பேரும் வெட்டிருக்கு. சாதாரண இந்திய சிப்பாய்னா பட்டாலியன் பேரை போட்டு, இத்தனை பேர்னு நம்பரோட விட்டுட்டாங்க. பிரான்ஸ்ல நவ் ஷாப்பெல்ங்கிற ஊருல 1927ல திறந்த நினைவிடத்துல நாலாயிரத்து எழுநூறுக்கும் மேல இந்தியர் பேரை தனித்தனியா வெட்டி வச்சிருக்காங்க, அப்ப வெட்ட முடியாதுன்னு இல்ல, பாலைவனத்துல செத்தவனுக்கு அவ்வளவு போதும்னு நெனச்சிருக்காங்க. அந்தக் கல்லறைகளை பராமரிக்கிற காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷனே 2021 ஏப்ரல்ல ஒரு அறிக்கை வெளியிட்டு மன்னிப்பு கேட்டுச்சு. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்துக்காரங்கன்னு 45,000லருந்து 54,000 பேர் வரைக்கும் சமமா நினைவுகூரப்படல, அது போக குறைஞ்சது 1,16,000 பேர், ஒருவேளை மூணரை லட்சம் பேர் வரைக்கும் பேரே போடாம, இல்லன்னா எந்த நினைவும் இல்லாம விடப்பட்டிருக்காங்கன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. படிச்சுட்டு அன்னைக்கி பூரா எனக்கு மனசே சரியில்ல.

வெள்ளக்காரன் செஞ்சான், சரி. நாம ஏன்டே அதையே செய்யணும்?

அதுவும் நாம யாரு? செத்தவன் பேரை நூறு வருசம், எரநூறு வருசம் விடாம சொல்லுத சனம்லா நாம. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைக்கோமே, அதுல என்ன பாடுதாங்க? அநியாயமா வெட்டுப்பட்டு செத்தவன், குத்துப்பட்டு செத்தவன், மானத்துக்காக உசுரை விட்ட பொம்பளை, அவங்க கதையைத்தானே விடிய விடிய பாடுதாங்க. காரையாறு சொரிமுத்தையன் கோயில்ல பட்டவராயனை கும்பிடுதோமே, மாட்டை ஓட்டிட்டு போன கள்ளன்மாரோட சண்டை போட்டு செத்த முத்துப்பட்டன்லா அது. அவன் கூடவே உசுரை விட்ட பொம்மக்கா திம்மக்கா பேரையும் சேத்துத்தான சொல்லுதோம். அவன் செருப்பு தச்சதுக்காக இன்னைக்கும் சனம் செருப்பு கொண்டு போயி காணிக்கை போடுது. மாடு மீக்கப் போனவன் இத்தனை தலைமுறைக்கு அப்புறமும் பேரோட, பொண்டாட்டி பேரோட, தொழிலோட நிக்கான். ஈராக்ல டைக்ரிஸ் ஆத்துல பாலம் கட்டுன மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற இன்ஜினியர் பட்டாளத்து கம்பெனியில, காலராவுலயும் வெயில்லயும் சுருண்டு விழுந்த நம்ம ஊரு பையனுக்கு ஒரு பேரு இல்ல. வில்லுக்காரர் வரைக்கும் அவன் கதை வந்து சேரல, ஏன்னா கூட இருந்து பாத்தவன் திரும்பி வந்து சொல்லல, வந்தவனும் பேசல.

சரி, பேருக்கு எங்க போவேன்னு கேப்ப. இருக்குய்யா, தேடுனா கெடைக்கும். அந்த கமிஷன் வெப்சைட்ல செத்தவங்க பேரை தேடுற வசதி இருக்கு, காசு ஒண்ணும் கெடையாது. நெறைய இந்தியப் பேருக்கு நேர இன்னார் மகன், இன்ன ஊரு, இன்ன ஜில்லான்னு ஒரு வரி போட்டிருப்பாங்க, சிலதுல பொண்டாட்டி பேரும் இருக்கும். நீ திருநெல்வேலின்னு தேடாத, அன்னைக்கி வெள்ளக்காரன் எழுதுன மாதிரி டின்னவெல்லின்னு போட்டு தேடு. ஊரு பேரையும் அப்படித்தான், வாயில சொல்லிப் பாத்து எப்படியெல்லாம் தப்பா எழுதிருப்பான்னு யோசிச்சு யோசிச்சு போடு. ஸ்க்ரீன்ல டின்னவெல்லின்னு வரிசையா வந்து நின்னப்போ எனக்கு கை ஓடல. அதுல எத்தனை பேரோட வீட்ல இன்னைக்கும் தெரியாம இருக்கோ.

முத யுத்தத்துல ஏறக்குறைய 74,000 இந்திய வீரர்கள் செத்தாங்க, ரெண்டாவதுல 87,000 பேருக்கு மேல. ரெண்டாவது யுத்தத்துக்கு பர்மாவுல ரங்கூன் பக்கம் தவுக்கியான்ங்கிற இடத்துல நினைவிடம் இருக்கு, அங்க 27,000 பேரு வெட்டிருக்கு, சிங்கப்பூர் கிராஞ்சில 24,000க்கு மேல. சென்னை நந்தம்பாக்கத்துல மெட்ராஸ் வார் செமெட்ரி இருக்கு, தாம்பரத்துலருந்து எனக்கு பக்கம்தான், புல்லு வெட்டி பூச்செடி வச்சு அவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க. அங்கயும் முத யுத்தத்துல செத்த ஆயிரத்துக்கும் மேலான பேருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. கல்லுல பேரு இல்லன்னாலும் பஸ்ரா லிஸ்ட், ரங்கூன், சிங்கப்பூர், எல்லா லிஸ்ட்லயும் நம்ம ஜில்லாவை தேடணும், ஒரு லிஸ்ட்டோட நிறுத்திராத.

சுதந்திரத்துக்கு பொறவு சண்டையில செத்தவங்களுக்கு டெல்லியில நேஷனல் வார் மெமோரியல் இருக்கு, 2019 பிப்ரவரி 25ல திறந்தது. 25,000க்கும் மேல பேரு, ஒவ்வொரு பேருக்கும் ஒரு கல்லு. அதையும் ஆன்லைன்லயே தேடலாம். நம்ம ஜில்லா முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்ல போயி கேளு, பென்சன் வாங்குத குடும்பம் எதுன்னு அங்க தெரியும். கோயில், சர்ச், ஜமாத் பழைய ரிஜிஸ்டரையும் பாரு. எல்லாத்துக்கும் முன்னால நம்ம ஊரு கெழவிகள்கிட்ட போயி உக்காரு. பேப்பர்ல இல்லாதது அவங்ககிட்ட இருக்கு, இன்னும் கொஞ்ச வருசத்துல அதுவும் இருக்காது.

ஒண்ணு கவனி. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15ல ஜப்பான்காரன்கிட்ட விழுந்த பொறவு, பிடிபட்ட சிப்பாய்கள்ல நெறைய பேர் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல (ஐ.என்.ஏ.) சேந்தாங்க, மலேயா தோட்டத்துல வேலை பாத்த நம்ம தமிழ் ஆட்களும் சேந்தாங்க. அந்தப் பக்கம் நின்னு செத்தவனை வெள்ளக்காரன் லிஸ்ட்ல தேடி பிடிக்கிறது கஷ்டம். சிங்கப்பூர்ல அவங்களுக்கு வச்ச நினைவுச்சின்னத்தையே 1945ல திரும்பி வந்த பிரிட்டிஷ்காரன் இடிச்சுட்டான். அப்படி யாராவது நம்ம ஊருல இருந்தா அவன் பேரும் இதே கல்லுல வரணும். ராஜாவுக்காக செத்தவனும் ராஜாவை எதுத்து செத்தவனும் ஒரே தெருக்காரனா இருக்கலாம்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விசயத்துக்கு வாரேன். தபால் ஆபீஸ் சந்துல கடைசி வீடு. உனக்கு அது பூட்டிக் கெடக்கிற வீடு, எனக்கு அப்படி இல்ல. அந்த வீட்டு அண்ணன் இந்தியா அனுப்புன அமைதிப்படையில இலங்கைக்கு போனாரு, திரும்பல. நான் அப்ப பத்தாப்பு. தந்தி வந்துச்சு, பொறவு கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கருப்பு டிரங்கு பெட்டி வந்துச்சு. அந்த அம்மை அதை திறக்க விடல. நம்ம ஊரு அன்னைக்கி என்ன செய்யன்னு தெரியாம நின்னுச்சு, இது சத்தியம். ஈழத்து சனத்துக்காக பள்ளிக்கூடத்துல உண்டியல் குலுக்குன பிள்ளைக நாங்க. 1987 அக்டோபர் 21ல யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நம்ம ஆர்மி சுட்டதுல டாக்டர், நர்ஸ், நோயாளிகன்னு எத்தனையோ உசுரு போச்சு. அந்த சேதியெல்லாம் காதுல விழுந்துகிட்டே இருந்த நேரத்துல, அங்க போயி செத்த நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எப்படி அழணும்னு யாருக்கும் தெரியல. துட்டிக்கு வந்த சனம் கூட குசுகுசுன்னு பேசிட்டு எந்திரிச்சு போச்சு. ஊர்வலம் கெடையாது, போஸ்டர் கெடையாது. 1990 மார்ச்ல அமைதிப்படை திரும்பி மெட்ராஸ்ல வந்து இறங்குனப்பவும், முதலமைச்சரா இருந்த கருணாநிதி வரவேற்க போகல. அரசியல் அவங்கவங்களுக்கு. ஆனா அந்த அம்மை அதுக்கு அப்புறம் யார்கிட்டயும் மகனை பத்தி வாய் திறந்து பேசல, கேக்கவும் ஆள் இல்ல.

அங்க போங்கன்னு சொன்னது டெல்லி. 1987 ஜூலை 29ல ஒப்பந்தம் போட்டது ரெண்டு அரசாங்கம். இந்த அண்ணன் பத்தாப்பு முடிச்சுட்டு, தங்கச்சி கல்யாணக் கடன அடைக்க ஆள் எடுப்புல ஓடி சேந்தவரு. அந்தப் போரு சரின்னு நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன். யாழ்ப்பாணத்துல செத்த சனத்துக்காக நான் அழுதிருக்கேன், இன்னைக்கும் அழுவேன். அதுக்காக இவரு பேரை விட்டுருவோம்னா அது எனக்கு ஆகாது. கொழும்பு பக்கம் பத்தரமுல்லையில அமைதிப்படைக்கு இலங்கைக்காரங்களே நினைவுச்சின்னம் கட்டி, அங்க செத்த 1,200 பேர் மாதிரி பேரை கருப்பு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. அந்நிய மண்ணுல இருக்குத பேரு அவரு பொறந்த தெருவுல இல்ல. நீ போட்ட டிசைன்ல கார்கில் 1999ன்னு ஒரு வரி இருக்கு, 1971 இருக்கு. 1987-90 இல்ல. உனக்கு யாரும் சொல்லிருக்க மாட்டாங்க, உன் மேல வருத்தம் இல்ல. இப்ப சொல்லிட்டேன், சேத்துரு.

இன்னொரு காரியம், இதை நேராவே சொல்லுதேன். கல்லை எந்தத் தெருவுல வைக்கங்கிற பேச்சு வரும். வரும்போது விடாத. யார் தெருவுலயும் வேண்டாம், பஸ் ஸ்டாப் பக்கத்துல பஞ்சாயத்து இடத்துலயே வைங்க, எல்லா சாதிக்காரனும் பஸ்சுக்கு நிக்கிற இடம். பேருக்குப் பின்னால சாதிப் பட்டம் ஒண்ணும் வரக்கூடாது. மெட்ராஸ் சாப்பர்ஸ்ல அந்தக் காலத்துலயே ஒடுக்கப்பட்ட சாதி ஆட்களும் கிறிஸ்தவங்களும் நெறைய சேந்தாங்க, ஊருல செருப்பு போட்டு நடக்க முடியாதவன் பட்டாளத்துல பூட்ஸ் போட்டான். அவனை திரும்பவும் தெரு பாத்து பிரிச்சு எழுதிராதீங்க. சுபேதார் முன்னால, சிப்பாய் பின்னாலன்னும் வேண்டாம். செத்த தேதி வரிசையில போடு. எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்து. அப்பா பேரோட அம்மா பேரும் கெடைச்சா அதையும் போடு, அது எந்த சர்க்கார் லிஸ்ட்லயும் அனேகமா இருக்காது, நாமதான் போடணும்.

ஃபைபர் சிலையை விட்டுரு, ரெண்டு மழைக்கு வெளுத்துரும். அந்தக் காசுக்கு நல்ல கருங்கல் வாங்கு, நம்ம பக்கம் கல் வேலைக்கு ஆளா இல்ல? எழுத்தை ஆழமா வெட்டச் சொல்லு, பெயின்ட் போனாலும் தடவிப் பாத்து படிக்கணும். கீழ கொஞ்சம் இடம் காலியா விட்டு வை, நமக்கு அகப்படாம போனவன் பேரு நாளைக்கு யாருக்காவது கெடைக்கும். எவ்வளவு தேடியும் அந்த சாவடிக் கல்லு நம்பருக்கு ஆள் கொறைஞ்சா, இன்னும் இத்தனை பேர், பேர் தெரியலன்னே வெட்டிரு. பழைய கல்லையும் பேத்து போட்ராதீங்க, சுண்ணாம்பை மெல்லமா சொரண்டி எடுத்து, கீழ தமிழ்ல ஒரு பலகை வைங்க.

நன்கொடை குடுத்தவங்க பேரை பின் பக்கம் போட்டுக்கோ. என் பேரு வேண்டாம், காசு இந்த வாரமே ஜி-பே பண்ணுதேன்.

கடைசி வீட்டு அண்ணனோட தங்கச்சி இப்ப வள்ளியூர்ல இருக்காங்க. அவங்களுக்கு போன் பண்ணி கேட்டேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, பொறவு "எங்க அம்மை பேரும் போடுவீங்களா"ன்னு கேட்டாங்க. போடுவோம்னு சொல்லிட்டேன். நீ கல்லுக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னால அவங்க வீட்டுக்கு ஒருக்க போயிட்டு வா, தேதியும் ரெஜிமென்ட் நம்பரும் அந்தப் பெட்டியில இருக்குன்னு சொன்னாங்க. வெறுங்கையோட போகாத, அவங்களுக்கு சுகர் இருக்கு, அல்வா வேண்டாம், பழம் வாங்கிட்டு போ.

இப்படிக்கு,
உன் அத்தை