ஒல்லிப் பிள்ளைக்கும் கொலஸ்ட்ரால் வரும்

ஆசிரியருக்கு, இளம் வயது மாரடைப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சிகரெட், மன அழுத்தம், உடற்பயிற்சி இல்லாமை என்று எல்லாம் சரிதான், ஆனால் இது நாற்பது வயதில் ஆரம்பிக்கிற கதை இல்லை என்பது மட்டும் விட்டுப்போயிற்று. ரத்தக் குழாயில் கொழுப்பு படிவது சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை, அமெரிக்காவில் பொகலூசா என்ற ஊரில் 1973-ல் தொடங்கிய இதய ஆய்வு இளம் வயதில் இறந்தவர்களின் உடற்கூறு பரிசோதனையிலேயே பார்த்துச் சொன்னது. 2011-ல் அங்குள்ள வல்லுநர் குழு 9 முதல் 11 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை கொலஸ்ட்ரால் பரிசோதிக்கச் சொல்லிவிட்டது.

என் அண்ணனுக்கு 38 வயதில் மாரடைப்பு வந்தது. டாக்டர் முதலில் கேட்டது அவருடைய பிள்ளைகளைப் பற்றி. பதினோரு வயசுப் பையன், ஒல்லிக்குச்சி, பள்ளி விட்டால் தெருவில் கிரிக்கெட்தான். ரத்தம் எடுத்தவரே “சின்னப் பையனுக்கு எதுக்கு சார் இந்த டெஸ்ட்?” என்று சிரித்தார். கெட்ட கொலஸ்ட்ரால் 212 இருந்தது, அந்த வயதுக்கு ரொம்ப அதிகம். பரம்பரையாக வருவதாம். வியாசர்பாடி அத்தோவையும் (பர்மா நூடுல்ஸ்) பஜ்ஜியையும் திட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அன்றுதான் விஷயம் புரிந்தது. (அதற்காக அத்தோ நல்லது என்று சொல்லவில்லை!) இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுப்பது இப்போதைக்கு நடக்காது, சரி. ஆனால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வருகிறவர்கள், இளம் வயதில் மாரடைப்பு வந்தவர் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர்களுக்கு மட்டுமாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை செய்ய அரசு ஏற்பாடு செய்யலாம்.

– வாசகர், தண்டையார்பேட்டை